சிறுவர் நலத் திட்டத்திற்கு உதவி கோருவது எப்படி?

2004 கடற்கோளிலும் 2006-2007 இடப்பெயர்விலும் வாகரையில் வீடுகளோடு பத்திரங்களும் போயின. சிறுவருக்கென உதவும் வெளிநாட்டு நிறுவனங்கள் உண்டு. ஜேர்மனியின் ஆகன் நகரில் 1846இல் தொடங்கிய கத்தோலிக்க நிறுவனம் அவற்றுள் ஒன்று. மூவிராசாக்கள் திருநாளையொட்டி அந்நாட்டுச் சிறுவர் வீடுவீடாகப் பாடிச் சேர்க்கும் பணம் அதனூடாகவே வழங்கப்படுகிறது.

இத்தகைய உதவியைத் தனியாளாக அல்ல, பதிவுபெற்ற அமைப்பாகவே கேட்கவேண்டும். எனவே:

1. உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பிரதி பெறுங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

2. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எண்ணுங்கள். ஊர் திரும்பாத குடும்பங்களின் பிள்ளைகளைத் தனியாகக் குறியுங்கள். “பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள்” என்று எழுதினால் போதாது. எத்தனை பேர், முன்பள்ளி எவ்வளவு தூரம், மாரியில் பாதை எப்படி என்று எழுதுங்கள்.

3. வரவுசெலவில் உங்கள் பங்கையும் காட்டுங்கள்: சிரமதானம், கிடுகு, தாய்மார் முறைவைத்துச் சமைப்பது.

4. உதவி முடிந்தபின் ஆசிரியையின் கொடுப்பனவை யார் தருவது? இதை இப்போதே தீர்மானியுங்கள். இல்லையேல் கட்டடம் நிற்கும். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

விண்ணப்பத்தினதும் பற்றுச்சீட்டுகளினதும் பிரதியொன்றை வேறு ஊரில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.