தரையை உடைக்கும் முன்...

கோவை ரங்கே கவுடர் வீதி போன்ற பழைய கடைவீதிகளில் நம் கட்டடங்கள் பலவற்றுக்கு வயது ஐம்பதுக்கு மேல். தரைக்கடியில் போகும் கழிவுநீர்க் குழாய்க்கும் அதே வயதுதான். அது கசிந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது அடி வரிசைச் சர்க்கரை மூட்டை! என் குடோனில் அப்படித்தான் நாலு மூட்டை பாகாய்ப் போயிற்று. தரையை உடைத்துக் குழாயை மாற்றினேன். பத்து நாள் வியாபாரம் நின்றது.

உடைக்காமலே உள்ளே புதுக்குழாய் உண்டாக்கும் முறை இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1971ல் லண்டனில் எரிக் உட் என்ற பொறியாளர் செய்து காட்டியது அது. பிசினில் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றாலோ நீராலோ உப்பவைத்துச் சூடேற்றினால், இறுகிக் குழாயாகி விடும். கல்கத்தாவில் வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல் சாக்கடைகளையும் உள்ளே கண்ணாடியிழை உறை போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. இடிந்து நசுங்கிய குழாய்க்கு ஆகாது. துருப்பிடித்த அரை அங்குல ஜி.ஐ. குழாய்க்குப் பதில் சுவருக்கு வெளியே புதுக்குழாய் ஓட்டுவதே சிக்கனம். குடிநீர்க் குழாய் என்றால், அதற்கென்று சான்று பெற்ற பிசின்தானா என்று கேட்க வேண்டும்.

எனவே முதலில் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வழிக்கும் விலை எழுதி வாங்குங்கள். உடைக்கும் கணக்கில் கூலியோடு, கடை மூடும் நாட்களின் நஷ்டத்தையும் சேருங்கள். சரக்குக்கு நாலு இடத்தில் விலை விசாரிக்கும் நாம், குழாய்க்கு மட்டும் முதல் ஆள் சொன்னதைக் கேட்கலாமா?