உங்களுக்குத் தெரியுமா? அடகுக்கடைக்காரரின் ரகசியம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறுநகர். அடகுக்கடை நடத்தும் சிங்களவர் சரத்சிறி, நகை அடகுவைக்க வரும் வடக்குத் தமிழ்ப்பெண் செல்வியை மணக்கிறார். தான் முன்னாள் இராணுவச் சிப்பாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. செல்வியோ சகோதரர்களை இராணுவத்துக்குப் பறிகொடுத்தவர். பழைய படைத்தோழர் ஒருவர் வீட்டுக்கு வர, உண்மை வெளிப்படுகிறது.

பிரசன்ன விதானகே 2012இல் இயக்கிய ‘ஒப நத்துவா ஒப எக்கா’ படத்தின் கதை இது. மூலம், ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய சிறுகதை. அதிலும் கணவன் படையை விட்டு விலகிய அடகுக்கடைக்காரன்தான். போர் ஒரு வீட்டின் படுக்கையறை வரை வருவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இலங்கைப் படங்கள் குறைவு. செல்வியாக வாழ்ந்த அஞ்சலி பாட்டீலுக்குக் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. தமிழரின் துயரைப் பேசிய இப்படத்தின் சென்னைக் காட்சிகள், 2014இல் எதிர்ப்பால் ரத்தாயின.