ஸ்டிக்கருக்காக ஒரு வசனம்

மனன வசனம் ஒன்று சொன்னால் ஒரு ஸ்டிக்கர். பத்து சேர்ந்தால் பரிசு. சங்கீதம் 23 நம்மில் பலருக்கு அப்படித்தான் பாடமானது. புள்ளி, பதக்கம், படிநிலை, முன்னணிப் பட்டியல் என்று விளையாட்டின் உத்திகளைப் படிப்புக்குள் கொண்டுவருவதைப் பெரிய நிறுவனங்கள் இன்று புதிய கலையாகப் பேசுகின்றன. ஞாயிறு பாடசாலைக்கு அது பழைய சங்கதி.

இப்போது அந்த ஸ்டிக்கர் கைபேசிக்குள் வந்துவிட்டது. ஜேர்மன் படிக்க அம்மாவும் பிரெஞ்சுச் சோதனைக்காக நீங்களும் திறக்கும் டுவோலிங்கோவின் இரு நிறுவனர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். சூக் நகரைச் சேர்ந்த செவெரின் ஹக்கர், சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்தில் கணினியியல் படித்துவிட்டு, ஆய்வுப் படிப்புக்கு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தம் பேராசிரியர், குவாத்தமாலாவைச் சேர்ந்த லூயிஸ் வொன் ஆனுடன் சேர்ந்து உருவாக்கிய செயலி 2012இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

அதில் நல்லது நிறைய இருக்கிறது. ஒரு பாடம் சில நிமிடம்தான். பிழை விட்டால் உடனே தெரியும், யாரும் சிரிக்க மாட்டார்கள், திரும்பச் செய்யலாம். உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அப்பாவுக்கு, வகுப்பறையில் வராத துணிவு இதில் வருகிறது. ஆனால் ஞாயிறு இரவு, வார லீக் முடியும் நேரம் பாருங்கள். கீழ் லீக்குக்கு இறங்கிவிடக் கூடாதென்று, தெரிந்த லேசான பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்து புள்ளி சேர்ப்பவர்கள் உண்டு. புள்ளி ஏறுகிறது, ஜேர்மன் ஏறவில்லை. (செயலி சொல்லித் தருவது பொது ஜேர்மன், ட்ராமில் காதில் விழுவது சுவிஸ் ஜேர்மன் என்பது வேறு கதை.)

இந்தக் குறுக்கு வழியை மார்க் ட்வெயின் 1876இலேயே எழுதிவிட்டார். டொம் சோயர் போகும் ஞாயிறு பாடசாலையில் இரண்டு வசனத்துக்கு ஒரு நீலச் சீட்டு. பத்து நீலத்துக்கு ஒரு சிவப்பு, பத்து சிவப்புக்கு ஒரு மஞ்சள், பத்து மஞ்சளுக்கு ஒரு வேதாகமம். கணக்குப் போட்டால் 2000 வசனம். டொம் தன்னிடமிருந்த சில்லறைப் பொருட்களைக் கொடுத்து மற்றப் பிள்ளைகளின் சீட்டுகளை வாங்கிச் சேர்த்து, எல்லோர் முன்னும் வேதாகமத்தைப் பெற்றுக்கொள்கிறான். முதல் இரண்டு சீஷர்கள் யார் என்று விருந்தாளி கேட்டதும் அவன் சொன்ன பதில்: தாவீதும் கோலியாத்தும்.

சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சீட்டு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சீட்டுச் சேர்க்கத்தான். அவன் அதை நன்றாகவே கற்றுக்கொண்டான்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் கீறுவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம், கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு எதுவும் பேசாமல் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமளவே கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே சொக்கலேட் கொடுக்கலாம், முதலிலேயே விலை பேசாவிட்டால் போதும்.

எனக்குப் பெரிய கவலை சுவரில் ஒட்டும் பெயர்ப் பட்டியல்தான். தமிழ் கேட்டால் விளங்கும், வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும் என்ற நிலையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அப்படிப்பட்ட ஒருவன் ஒவ்வொரு கிழமையும் பட்டியலின் அடியில் தன் பெயரைப் பார்க்கிறான். பன்னிரண்டு வயதில் அவன் வராமல் விட்டால், அதற்குக் காரணம் வசனம் கடினம் என்பது மட்டுமல்ல.

சனிக்கிழமைப் பின்னேரம் யுங்ஷாருக்குப் போனவர்களுக்கு வேறு வழி தெரியும். காட்டுக்குள் நடக்கும் கெலேண்டஷ்பீலை நினைத்துப் பாருங்கள். வரைபடம் பார்க்கத் தெரியாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போக முடியாது. கட்டுப் போடத் தெரியாவிட்டால் "காயப்பட்டவரை" கொண்டுவர முடியாது. அங்கே விளையாடுவதும் கற்பதும் ஒரே வேலை. புள்ளியை எடுத்துவிட்டாலும் விளையாட்டு குறையாது.

நம் வகுப்பிலும் இதைச் செய்யலாம். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை எடுங்கள். கப்பலில் 276 பேர். குழுவுக்கு நான்கு பேர், ஆளுக்குக் கொஞ்சம் போத்தல் மூடிகள் சரக்காக. நல்ல துறைமுகத்திலேயே தங்குவதா, பேனிக்ஸ் வரை ஓடிப் பார்ப்பதா? பவுல் சொல்வதைக் கேட்பதா, மாலுமி சொல்வதையா? வேதாகமத்தைத் திறக்குமுன் குழு முடிவெடுக்க வேண்டும். காற்று வந்ததும் எதைக் கடலில் எறிவது, நான்கு நங்கூரங்களை எப்போது போடுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் பாதித் தடயம் தமிழில், மீதி ஜேர்மனில். தமிழ் வாசிப்பவளுக்கு ஜேர்மன் வாசிப்பவன் தேவை, அவனுக்கு அவள் தேவை. போன மாதம் ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கும் இங்கே பிறந்த பிள்ளைக்கும் ஒரே மேசையில் வேலை இருக்கும்.

அட்டை எழுத இரண்டு பேருக்கு ஒரு மாலை போதும். பரிசு வேண்டாம். 35ஆம் வசனம் வந்ததும் எல்லோரும் அப்பம் பிட்டுச் சாப்பிடுங்கள். மிக்ரோவில் வாங்கிய பாண் என்றாலும் பரவாயில்லை.