பெரட்டுக்களமும் பள்ளிக்கூடமும்

ஒரு பள்ளிக்கூடம் யாருடையது? இவ்வினாவைப் பட்டினத்திலே கேட்டால் நகைப்பார்கள். அரசாங்கத்தினுடையது என்றோ, ஊராருடையது என்றோ உடனே விடை வந்துவிடும். ஊவா மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களிலோ இவ்வினாவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. இதற்குச் சரியான விடை காணும்வரை தோட்டத்துச் சிறார்களின் படிப்பு வேரூன்றாது என்பது, வெலிமடைப் பகுதியிலே பல்லாண்டு ஆசிரியத் தொழில் செய்த எனது துணிபு.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வற்புறுத்திற்று. ஆனால் இதிலுள்ள முரணைப் பாருங்கள். பிள்ளை படித்து முன்னேற வேண்டுமென்று விரும்பக்கூடியவர்கள் பெற்றோர். பள்ளியை நடத்தும் கடமையோ, அப்பிள்ளை நாளை கொழுந்துக்கூடை சுமக்க வேண்டுமென எதிர்பார்த்தவரிடம்! ஓர் ஆசிரியர், ஓர் அறை, நான்கைந்து வகுப்புகள் என்ற அளவிலே பல பாடசாலைகள் காலந்தள்ளியதில் வியப்பென்ன? 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் முழுப் பயன் லயத்து வாசலுக்கு வரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கில்லாதவனுடைய பிள்ளைக்காக மன்றத்திலே வாதாடுபவர் யார்? 1977 முதற்கொண்டே அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இது தேயிலைக்கு மாத்திரம் உரிய கதையன்று. கோலார் தங்கவயலுக்குச் சுரங்கத் தொழிலாளராகச் சென்ற தமிழரும் கம்பெனியின் லைன் வீடுகளிலேதான் குடியிருந்தனர். 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வரும் இடங்களில், எதையும் நமதென்று உரிமை கொண்டாடும் வழக்கம் எளிதில் வளர்வதில்லை. பள்ளிக்கூடமும் அவ்வாறே, கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளும் இடமாகிவிடுகிறது.

இன்று ஒவ்வொரு பாடசாலைக்கும் அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோரும் அதில் அங்கத்தவர்கள். எனினும், “தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்னும் பேச்சு ஓயவில்லை. நான் நன்கறிந்த பாடசாலையொன்றில், சங்கக் கூட்டத்துக்கு வருவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டம் கூடும் நேரமோ காலை பத்து மணி! கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற ஒரு தாயிடம் காரணம் கேட்டேன்.

“கூட்டத்துக்கு வந்தா அரைப்பேர்தானே சார் விழும்? அரைப்பேரை வச்சு அரிசி வாங்க முடியுமா?” என்றார் அவர்.

தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒரு நாட் சம்பளம். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் விழுந்தால்தான் அன்றைய அடுப்பு எரியும். அக்கறைக்கு விலையாக அரைநாட் கூலியை வைத்துவிட்டு, அக்கறை இல்லை என்று குறைகூறுவது நீதியாகுமா?

பின்னர் அக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு, மாரியம்மன் கோயில் முன்றிலுக்கு மாற்றப்பட்டது. தாய்மார் கைக்குழந்தைகளோடு வந்தனர். முதலிரு கூட்டங்களிலும் அவர்கள் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் ஒருவர் எழுந்து, “நாலாம் வகுப்புப் படிக்கிற எம்புள்ள இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கலியே, ஏன் சார்?” என்று கேட்டார். ஆசிரியர்கள் திகைத்தனர். அக்கேள்வியின் பயனாகவே பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை வாசிப்பு வகுப்புத் தொடங்கியது. அதே தோட்டத்திற் பிறந்து உயர்தரம் படித்த ஒரு யுவதி அதனை நடத்த முன்வந்தார்.

சமூகப் பங்களிப்பு என்றவுடன் நாம் சிரமதானத்தையே நினைக்கிறோம். வேலியடைத்தலும் கூரைத்தகரம் மாற்றுதலும் நல்ல பணிகளே. ஆயினும் தோட்ட மக்களிடம் உடலுழைப்பைக் கேட்பது புதிதன்று. எல்லோரும் அதையேதான் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்களிடம் கருத்தைக் கேட்பதே புதிது. வேலியடைத்தவர் வீடு திரும்பிவிடுவார். கேள்வி கேட்டவரோ விடை வரும்வரை பள்ளியை விட்டு நீங்கார்.

இதனால் அரசாங்கத்தின் கடமை குறைந்துவிடாது. ஐந்தாந் தரத்தோடு முடியும் பாடசாலையிலிருந்து அடுத்த பாடசாலைக்கு மலைப்பாதையிலே நடக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் ஊக்கம் மாத்திரம் போதாது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரை அனுப்ப வேண்டியது கல்வித் திணைக்களமே அன்றி, கொழுந்தெடுக்கும் தாயல்லள். ஆனால் ஆசிரியர் இல்லையென்ற குறையை விடாது எடுத்துரைக்க, பள்ளியைத் தமதென்று கருதும் மக்கள் வேண்டும்.

ஆதலின் அதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூட்டத்தை மக்களின் ஓய்வு நேரத்தில் வையுங்கள். தோட்ட நிருவாகத்தினருக்கும் ஒன்று: வேலைநாளிற் கூட்டம் வைக்க நேர்ந்தால், வரும் தாய்க்கு முழுப்பேர் போடுங்கள். கம்பெனிக்கு அது சிறு செலவு. அத்தாய்க்கோ, தன் பிள்ளையின் ஆசிரியரோடு நேர்நின்று பேசும் உரிமை.