பாம்பு முட்டைக்குள்ளே

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், திசையன்விளையைச் சுற்றிச் செந்நிறத் தேரி மணல் பரந்து கிடக்கிறது. பனையும் உடைமரமும் மலிந்த அந்நிலத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது, புற்றிலோ எலி வளையிலோ வெண்ணிற முட்டைகள் குவியலாகக் கிடப்பதைக் காண நேரலாம். “பாம்பு முட்டை!” என்ற கூச்சல் எழுந்ததும் மண்வெட்டி தானாக உயரும். அது விழுவதற்கு முன், முட்டைக்குள் நடப்பது என்ன என்று நாம் சற்றே எட்டிப் பார்ப்போம்.

எல்லாப் பாம்பும் முட்டையிடுவதில்லை. நம் நாட்டில் அதிக உயிர்ச்சேதம் விளைவிக்கும் நான்கனுள் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குட்டி போடுபவை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் முட்டையிடுபவை. நல்ல பாம்பு ஒரு முறைக்குப் பன்னிரண்டு முதல் முப்பது முட்டைகள் வரை இடும். தாய் அருகிலிருந்து காவல் காப்பதுண்டு. ஆனால் கோழியைப் போல் அடைகாத்துச் சூடு கொடுப்பதில்லை. அந்தப் பொறுப்பு மண்ணுடையது.

கோழி முட்டையின் ஓடு உடையும். பாம்பு முட்டையின் ஓடோ பதனிட்ட தோல் போல் வளைந்து கொடுக்கும். அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். மண் வறண்டால் சுருங்கும். கோழி முட்டையில் மஞ்சட் கருவை இருபுறமும் தாங்கும் முறுக்குக் கயிறுகள் இதில் இல்லை. கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டுகிறது. பாம்பு முட்டையைப் புரட்டினாலோ கருவுக்கு ஆபத்து நேரலாம்.

முட்டை இடப்படும்போதே பெரும்பாலும் கருவின் இருதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். மஞ்சட் கரு அதற்கு ஆகாரம். ஒரு சவ்வுப் பை நீர் நிரம்பி, கரு அடிபடாமல் காக்கிறது. மற்றொரு பை கழிவுகளை வாங்கிக்கொள்வதோடு, ஓட்டின் வழியே பிராணவாயுவையும் கொண்டு சேர்க்கிறது. உணவறையும் குளியலறையும் மூச்சுக் குழலும் ஒரே கூட்டுக்குள்!

பாம்புக்கு அவ்வளவு நீண்ட முதுகெலும்பு வந்தது எப்படி? கருவில் முதுகின் கணுக்கள் ஒவ்வொன்றாக, கடிகாரத்தின் தாளம் போல் தோன்றுகின்றன. 2008ஆம் ஆண்டில் ஒலிவியே பூர்க்கே என்னும் அறிஞரின் குழுவினர் அமெரிக்கச் சோளப் பாம்பின் கருவை ஆராய்ந்தனர். உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால், பாம்புக் கருவில் இந்தக் கடிகாரம் மற்றப் பிராணிகளைவிட மிக விரைவாக ஓடுகிறது என்று கண்டனர். ஆகவேதான் நமக்கு முப்பத்துச் சொச்சம் கணுக்கள் இருக்க, அதற்கு முந்நூறுக்கு மேல் உண்டாகின்றன. அவ்வளவு நீளமும் முட்டைக்குள் கயிற்றுச் சுருளாய் மடங்கிக் கிடக்கிறது.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில், வெப்பத்தைப் பொறுத்துச் சிறிது முன்பின்னாக, குட்டி தயாராகிறது. மேல்வாயின் நுனியில் முளைத்த முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டும். சில நாளில் அந்தப் பல் உதிர்ந்துவிடும். மிஞ்சிய மஞ்சட் கரு வயிற்றுக்குள் இருப்பதால் உடனே இரை தேட வேண்டியதில்லை. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த நல்ல பாம்புக் குட்டி அப்போதே படமெடுக்கும்; அப்போதே அதற்கு விஷமும் உண்டு. “குட்டிதானே” என்று குழந்தைகளைத் தொட விடலாகாது.

அதற்காக முட்டைகளை நசுக்குவதும் முறையன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பின் முட்டையையும் பிராணி என்றே கணக்கில் கொள்கிறது. தானியத்தைத் தின்னும் எலியைப் பாம்பு தின்கிறது. பாம்புக் கடிக்கு மருந்தும் பாம்பின் விஷத்திலிருந்துதான் பிறக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டு, அந்த மருந்துக்கு மூலப்பொருள் தருகிறது. பாம்போடு பழகிய நம் மக்களின் அனுபவ ஞானம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

எனவே முட்டைகளைக் கண்டால், தாய்ப் பாம்பு அருகில் இருக்கலாம் என்பதை எண்ணி விலகி நிற்போம். குழந்தைகளை அப்புறப்படுத்தி, வனத்துறையினருக்குச் சொல்லி அனுப்புவோம். மண்வெட்டி கீழேயே இருக்கட்டும்.