எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை எனச் செங்கலடி வீதியில் மலை இறங்கிப் போனால் மகா ஓயா வரும். அங்கே நிலத்திலிருந்து ஊறும் நீரின் சூடு 50 பாகை செல்சியசுக்கும் மேல். அடியில் எரிமலை ஏதும் தூங்குகிறதோ என்று யாருக்கும் தோன்றும். இல்லை.

தூங்கும் எரிமலைக்குச் சஹாராவுக்குப் போக வேண்டும். சாட் நாட்டுப் பாலைவனத்தில் 3400 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது எமி கூசி. உச்சியில் பிரமாண்டமான பள்ளம், சரிவெங்கும் உறைந்த எரிமலைக் குழம்பு. அதன் அடிவாரத்திலும் வெந்நீர் ஊற்று உண்டு.

மகா ஓயாவிலும் பதுளைப் பக்கத்திலும் அந்தத் தடயங்கள் எதுவும் கிடையாது. 2036 மீற்றர் உயர நமுனுகுல மலையும் எரிமலை கக்கிக் குவித்ததல்ல. மலைநாட்டுப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அப்போது இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பு. சென்னைப் பல்லாவரத்துக் குன்றில் இருக்கும் சார்னகைட் என்ற பாறை இங்கும் கிடைப்பது அந்தப் பழைய உறவால்தான். இன்று இலங்கை புவித்தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. தட்டுகள் மோதும் விளிம்பு வெகு கிழக்கே, அந்தமான், சுமாத்திரா பக்கம். எரிமலைகளும் அங்கேதான்.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? ஆழத்திலிருந்துதான். பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் 25 முதல் 30 பாகை வரை ஏறும். பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் மெல்லச் சிதைவதும் இதற்கு ஒரு காரணம். பெய்த மழை பாறை வெடிப்புகள் வழியே மூன்று கிலோமீற்றர் இறங்கினால் போதும், 100 பாகையை எட்டிவிடும். சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து, பின்னால் இறங்கும் குளிர்ந்த நீரின் அழுத்தத்தால் வேறொரு வெடிப்பு வழியே மேலேறும். வழியில் ஆறிக்கொண்டே வரும்.

மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையில் இப்படிப்பட்ட வெடிப்புகள் அதிகம். இலங்கையின் வெந்நீர் ஊற்றுகள் பல அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. சூட்டைக் கண்டதும் எரிமலை என்று முடிவுகட்டுவது அவசரப் புத்தி.

மகா ஓயாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 50 பாகை நீர் சில நிமிடங்களிலேயே தோலைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளை ஊற்றில் இறக்காதீர்கள். வாளியில் அள்ளி, ஆறவைத்தே ஊற்றுங்கள்.