கூடாரத்தில் நடந்த அரசாங்கம்

ஒரு மாநிலத்தின் அரசு அலுவலகங்கள் கூடாரங்களில் இயங்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1953 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்கள் பிரிந்து ஆந்திர மாநிலம் பிறந்தது. தலைநகர் கர்நூல். துங்கபத்திரை ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில், திடீரென்று வந்து சேர்ந்த அத்தனை அலுவலகங்களுக்கும் கட்டடம் ஏது? வெட்டவெளியில் வரிசையாகக் கூடாரம் அடித்தார்கள். கித்தான் துணிக்குக் கீழே மேசை, நாற்காலி, கட்டுக் கட்டாகக் கோப்புகள். முதலமைச்சர் டங்குதூரி பிரகாசத்துக்கு அப்போது வயது 81!

வசதியான ஊர்கள் இருக்க, கர்நூல் ஏன்? 1937-இல் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் சென்னையில் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம்தான் காரணம். தலைநகர் ஒரு பகுதிக்கு, உயர் நீதிமன்றம் இன்னொரு பகுதிக்கு என்பது அதன் முக்கிய ஏற்பாடு. அதன்படி ராயலசீமையின் கர்நூல் தலைநகரானது; உயர் நீதிமன்றம் 1954-இல் கடலோர ஆந்திரத்தின் குண்டூருக்குப் போனது. கொடுத்த வாக்கைப் பதினாறு ஆண்டுகள் கழித்தும் காப்பாற்றினார்களே, அது பெரிய விஷயம்.

கர்நூல் தலைநகராக இருந்தது மூன்றே ஆண்டுகள். 1956 நவம்பர் 1-இல் தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானதும், தலைநகர் ஹைதராபாத்துக்கு மாறிவிட்டது.

ஆந்திர மாநிலத்துக்காக 58 நாள் உண்ணாவிரதம் இருந்து பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டது நம் மயிலாப்பூரில்தான். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் அவர் உண்ணாவிரதம் இருந்த வீடு இன்று அவருடைய நினைவிடம். அந்தப் பக்கம் போனால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.